இயந்திரம் தவறினால் பதில் சொல்வது யார்?

அலுவலகத்தில் ஓர் எழுத்தர் கணக்கைத் தவறாக எழுதினால் அவரை அழைத்து விசாரிக்கலாம். மேலதிகாரி தவறான ஆணை பிறப்பித்தால் அவருக்கும் மேலுள்ளவரிடம் முறையிடலாம். ஆனால் கணினி ஒன்று தவறான முடிவை உரைத்து, அதனால் ஒருவருடைய வேலையோ, வீடோ, மானமோ பறிபோகுமானால் யாரை அழைத்து விசாரிப்பது? கடன் கேட்டு வருவோரின் தகுதியை எடைபோடவும், வேலைக்கு விண்ணப்பிப்போரை வடிகட்டவும், காப்பீட்டுத் தொகை கோருவோரின் மனுக்களை ஆராயவும் செயற்கை நுண்ணறிவு என்னும் கணினி முறைகளைப் பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. ஆகவே இது வெறும் ஏட்டு வினாவன்று. நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்ட வினா.

இதற்கு விடை தேடும்போது எதிர்காலத்தைப் பற்றிய கற்பனைகளில் மூழ்குவதைவிட, நடந்து முடிந்த வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது பயன் தரும். இயந்திரத்தின் வாக்கை வேதவாக்காகக் கொண்ட ஒரு நிறுவனம் என்ன ஆகும் என்பதற்குப் பிரித்தானிய நாட்டு அஞ்சலகங்களின் கதை அழியாத சான்றாக நிற்கிறது. அங்கே பயன்பட்டது செயற்கை நுண்ணறிவு அன்று. வெறும் கணக்குப் போடும் கணினிதான். அந்த எளிய கருவியே இத்தனை கேடு விளைத்தது என்பதுதான் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி.

ஹொரைசன் தந்த கண்ணீர்

பிரித்தானியாவின் சிற்றூர்களிலும் நகரத் தெருக்களிலும் உள்ள அஞ்சலகங்களில் பெரும்பாலானவற்றை அரசு ஊழியர்கள் நடத்துவதில்லை. மளிகைக் கடையோ, பத்திரிகைக் கடையோ வைத்திருப்பவர்கள், அதே கடையின் ஒரு மூலையில் ஒப்பந்த அடிப்படையில் அஞ்சலகத்தையும் நடத்துவார்கள். முதியோரின் ஓய்வூதியம், அஞ்சல் தலை, பணவிடை எல்லாம் அவர்கள் கையால்தான் மக்களைச் சென்றடையும். ஊரில் மதிப்பும் நம்பிக்கையும் பெற்ற மனிதர்கள் அவர்கள். இந்தியா, பாகிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த பலரும் அவர்களுள் இருந்தனர்.

1999ஆம் ஆண்டு தொடங்கி இந்தக் கிளைகளில் எல்லாம் ‘ஹொரைசன்’ என்னும் கணினிக் கணக்கு முறை புகுத்தப்பட்டது. இதை உருவாக்கியது, ஜப்பானிய ஃபுஜிட்ஸு நிறுவனத்தின் உடைமையாயிருந்த ஐ.சி.எல். என்னும் நிறுவனம். கணினி வந்த சில நாட்களிலேயே பல கிளைகளில் கணக்கு உதைக்கத் தொடங்கியது. மாலையில் கல்லாவை எண்ணினால், கணினி காட்டும் தொகைக்கும் கையில் உள்ள பணத்துக்கும் இடையே துண்டு விழுந்தது. சில இடங்களில் நூறு பவுன், வேறு சில இடங்களில் பல ஆயிரம் பவுன்.

ஒப்பந்தப்படி பற்றாக்குறையைப் போஸ்ட்மாஸ்டரே ஈடுகட்ட வேண்டும் என்று நிறுவனம் கூறியது. சேமிப்பைக் கரைத்தவர்கள் உண்டு; வீட்டை அடகு வைத்தவர்கள் உண்டு; உறவினரிடம் கடன் வாங்கிக் கட்டியவர்களும் உண்டு. உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தபோது, வேறு எங்கும் இத்தகைய சிக்கல் இல்லை, உங்களுக்கு மட்டும்தான் என்ற மறுமொழி பலருக்குக் கிடைத்தது. ஒரே நோயால் துன்புற்ற நூற்றுக்கணக்கானோர், தாம் ஒருவரே நோயாளி என்று எண்ணித் தனித்தனியே வெதும்பினார்கள்.

அடுத்து வந்தது வழக்கு. பொய்க்கணக்கு, திருட்டு, மோசடி என்ற குற்றச்சாட்டுகளின் பேரில் 1999க்கும் 2015க்கும் இடையே 900க்கும் மேற்பட்டோர் தண்டனைத் தீர்ப்புப் பெற்றனர். அவற்றுள் ஏறத்தாழ 700 வழக்குகளை அஞ்சல் நிறுவனமே நேரடியாகத் தொடுத்தது. குற்றம் சாட்டுபவரும், புலன் விசாரிப்பவரும், பணம் பெறுபவரும் ஒரே நிறுவனம். தெற்கு இங்கிலாந்தைச் சேர்ந்த இந்திய வம்சாவளிப் பெண்மணி ஒருவர் 2010 நவம்பரில் கருவுற்றிருந்த நிலையில் 15 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அன்று அவருடைய மகனின் பத்தாம் பிறந்த நாள்.

நீதிமன்றங்கள் ஏன் ஏமாந்தன? 1984ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, கணினி தரும் ஆவணத்தைச் சான்றாகக் கொள்ள வேண்டுமானால் அக்கணினி ஒழுங்காக இயங்கியது என்பதை முதலில் மெய்ப்பிக்க வேண்டும் என்று விதித்திருந்தது. இது வீண் சுமை என்று கருதப்பட்டு 1999இல் நீக்கப்பட்டது. அதன்பின், மாறான சான்று கிடைக்கும்வரை கணினி சரியாகவே இயங்கியதாகக் கொள்ளலாம் என்ற நிலை ஏற்பட்டது. இயந்திரத்தின் குற்றத்தை மெய்ப்பிக்கும் சுமை, அந்த இயந்திரத்தின் உட்புறத்தைப் பார்க்க உரிமையே இல்லாத கடைக்காரரின் தோளில் விழுந்தது.

உண்மை வெளிவர நெடுங்காலம் ஆயிற்று. வேல்ஸ் நாட்டு லாண்டுட்னோ நகருக்கு அருகே அஞ்சலகம் நடத்திவந்த ஆலன் பேட்ஸ், தம் கணக்கில் விழுந்த துண்டை ஏற்க மறுத்ததால் 2003இல் ஒப்பந்தத்தை இழந்தார். அவர் ஓய்ந்துவிடவில்லை. 2009 மே மாதம் ‘கம்ப்யூட்டர் வீக்லி’ என்னும் இதழ் ஏழு போஸ்ட்மாஸ்டர்களின் கதையை வெளியிட்டது. அதே ஆண்டில் பாதிக்கப்பட்டோர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். பின்னர் 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில் 2019 டிசம்பர் 16 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஹொரைசனில் பிழைகள் இருந்தன, அவை கிளைக் கணக்குகளில் பற்றாக்குறையை உண்டாக்க வல்லவை என்பது உறுதியாயிற்று. போஸ்ட்மாஸ்டருக்குத் தெரியாமலே ஃபுஜிட்ஸு ஊழியர்கள் தொலைவிலிருந்து கணக்கை மாற்ற முடியும் என்பதும் வெளிச்சமாயிற்று. அஞ்சல் நிறுவனத்தின் பிடிவாதத்தை, இந்த நூற்றாண்டிலும் பூமி தட்டையென்று சாதிப்பதற்கு ஒப்பிட்டார் நீதிபதி. இழப்பீடாகப் பெற்ற 5 கோடியே 77 லட்சம் பவுனில் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போய்விட்டது. மிஞ்சியது ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பவுன்.

2021 ஏப்ரல் 23 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ஒரே நாளில் நீக்கியது. கருவுற்ற நிலையில் சிறை சென்ற அந்தத் தாயும் அவர்களுள் ஒருவர். 2024 சனவரியில் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சி நாடகம் நாட்டையே உலுக்கிய பின், மற்றவர்களின் தண்டனைகளை மொத்தமாக நீக்கும் சட்டம் அவ்வாண்டு மே மாதத்தில் நிறைவேறியது. 2025 சூலையில் வெளியான விசாரணை ஆணையத்தின் முதல் அறிக்கை, குறைந்தது 13 பேர் இத்துயரின் காரணமாகத் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக் கூடும் என்று குறிப்பிட்டது. எந்தச் சட்டத்தாலும் அவர்களை மீட்டுத் தர இயலாது.

நல்லெண்ணம் மட்டும் போதுமா?

இவ்வளவு பெரிய அநீதியைச் செய்தவர்கள் கொடியவர்களா என்று கேட்டால், எளிதாக ஆம் என்று சொல்லிவிட முடியாது. 2012 முதல் 2019 வரை அந்நிறுவனத்தின் தலைமை அதிகாரியாக இருந்தவர், ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டவர். 2024 மே மாதம் அவர் ஆணையத்தின் முன் கண்ணீர் மல்கச் சாட்சியம் அளித்தார். தமக்குத் தகவல் தந்தவர்களை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாகக் கூறினார்.

அவருடைய உள்ளத்தை எடைபோடுவது நம் வேலையன்று. ஆயினும் இறைநம்பிக்கை உள்ளவர்களாகிய நாம் இதிலிருந்து கற்க வேண்டியது உண்டு. தனிமனிதரின் பக்தியோ, நல்லெண்ணமோ ஒரு நிறுவனத்தை நேர்வழியில் நடத்தப் போதாது. கெட்ட செய்தி தடையின்றி மேலே ஏறிவரும் படிக்கட்டு வேண்டும். அங்கே அந்தப் படிக்கட்டு அடைபட்டிருந்தது. கணக்காய்வு வல்லுநர் குழு ஒன்றை 2012இல் நிறுவனமே அமர்த்தியது. அக்குழு 2013இல் குறைகளைச் சுட்டிக்காட்டியது. 2015இல் அதன் பணி முடிக்கப்பட்டது. வழக்குகளில் நிறுவனத்துக்காகச் சாட்சியம் கூறிய ஃபுஜிட்ஸு வல்லுநர் தமக்குத் தெரிந்த பிழைகளை நீதிமன்றத்தில் தெரிவிக்கவில்லை என்று நிறுவனத்தின் சார்பில் செயல்பட்ட வழக்கறிஞரே 2013இல் எழுத்து மூலம் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை பாதிக்கப்பட்டவர்களைச் சென்றடைய ஏழாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கீழே நழுவும் பழி

கணக்குப் போடும் கணினியின் கதை இது. தானே பார்த்து, தானே முடிவெடுக்கும் இயந்திரத்தின் கதையில் பொறுப்பு இன்னும் எளிதாக நழுவுகிறது.

2018 மார்ச் 18ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பே என்னும் நகரில், 49 வயதுப் பெண்மணி ஒருவர் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தார். ஊபர் நிறுவனம் சோதனைக்காக ஓட்டிவந்த தானியங்கி மகிழுந்து மோதி அவர் உயிரிழந்தார். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது தெரியவந்த செய்திகள் அதிர்ச்சி தருவன. மோதுவதற்கு 5.6 நொடி முன்பே வண்டியின் கருவிகள் எதிரே ஏதோ இருப்பதைக் கண்டுகொண்டன. ஆனால் அதை வாகனம் என்றும், அடையாளம் தெரியாத பொருள் என்றும், மிதிவண்டி என்றும் மாற்றி மாற்றிக் கணித்துக்கொண்டிருந்தன. நடந்து செல்வோர் குறிக்கப்பட்ட இடத்துக்கு வெளியேயும் சாலையைக் கடக்கக் கூடும் என்பதே அந்த முறைக்குக் கற்பிக்கப்பட்டிருக்கவில்லை. வாகனத்தை உருவாக்கிய வால்வோ நிறுவனம் பொருத்தியிருந்த அவசரத் தடுப்பு, கணினி ஓட்டும் வேளையில் செயல்படாதபடி நிறுத்தப்பட்டிருந்தது. முன்பு வண்டியில் இருவர் அமர்ந்து கண்காணித்தனர். சில மாதங்களுக்கு முன் அது ஒருவராகக் குறைக்கப்பட்டிருந்தது.

அந்த ஒருவர், அவ்வேளையில் தம் கைப்பேசியில் நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மீது தவறில்லை என்று யாரும் கூற மாட்டார்கள். ஆனால் பழி எங்கே போய் நின்றது என்று பாருங்கள். நிறுவனத்தின் மீது குற்ற வழக்குத் தொடர அடிப்படை இல்லை என்று 2019 மார்ச்சில் அரசு வழக்கறிஞர் முடிவு செய்தார். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருந்த ஊழியர் மீது 2020இல் குற்றச்சாட்டுப் பதிவாகி, 2023இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு பெற்றார். நிறுவனத்தில் பாதுகாப்புப் பண்பாடு போதாமல் இருந்தது என்று வாரியம் எழுதியது. ஆனால் குற்றக் கூண்டில் ஏறியவர் கடைசிப் படியில் நின்றவர் மட்டுமே.

பழியைக் கீழே தள்ளுவதோடு நில்லாமல், இயந்திரத்தின் மீதே ஏற்றிவிட முயன்ற நிகழ்ச்சியும் உண்டு. 2022 நவம்பரில் கனடா நாட்டவர் ஒருவர் தம் பாட்டியின் இறப்பை முன்னிட்டு ஏர் கனடா விமானத்தில் பயணச்சீட்டு எடுக்க முனைந்தார். துக்கத்துக்குச் செல்வோருக்கான கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கேட்டுப் பெறலாம் என்று அந்நிறுவனத்தின் இணையத்தில் பதில் கூறும் உரையாடல் கருவி அவருக்குச் சொல்லிற்று. அது தவறான தகவல். பணத்தைத் திருப்பித் தர நிறுவனம் மறுத்தது. வழக்கு தீர்ப்பாயத்துக்கு வந்தபோது, அந்த உரையாடல் கருவி தனியொரு சட்ட உருவம் என்றும், அதன் செயலுக்கு அதுவே பொறுப்பு என்றும் பொருள்பட நிறுவனம் வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அவ்வாதத்தைத் தள்ளியது. தன் இணையப் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று கூறி, வட்டியும் கட்டணமும் உட்பட ஏறத்தாழ 812 கனடா டாலர் வழங்க ஆணையிட்டது. தொகை சிறிது, ஆனால் நாட்டப்பட்ட நெறி பெரிது.

பழைய ஆலைகள் கற்பித்த பாடம்

பொறுப்பைக் கை கழுவும் இந்தப் போக்கு புதிதன்று. நீராவி இயந்திரங்கள் பெருகிய 19ஆம் நூற்றாண்டில் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் கையிழந்தோரும் உயிரிழந்தோரும் ஏராளம். அப்போது முதலாளிகளுக்குக் கேடயமாக நின்றது, 1837ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பிலிருந்து இங்கிலாந்தில் வளர்ந்த கோட்பாடு. சக தொழிலாளியின் கவனக்குறைவால் ஒருவருக்குக் காயம் நேர்ந்தால் முதலாளி பொறுப்பல்லர். வேலைக்குச் சேரும்போதே அந்த ஆபத்தையும் தொழிலாளி ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்பது அதன் சாரம். அஞ்சலகப் போஸ்ட்மாஸ்டரின் ஒப்பந்தத்தையும், டெம்பே நகர ஊழியரின் நிலையையும் இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே குரல் ஒலிப்பது கேட்கும்.

அந்நிலை மாறியது எவ்வாறு? முதலாளிகள் திடீரென இரக்கமுள்ளவர்களாக மாறிவிடவில்லை. செர்மனி 1884இல் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் இயற்றியது. பிரித்தானியா 1897இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் கொணர்ந்தது. இந்தியாவில் அத்தகைய சட்டம் 1923இல் வந்தது. யாருடைய தவறு என்ற வழக்காடலுக்குக் காத்திராமல், வேலையில் நேரும் விபத்துக்கு வேலை தருபவரே ஈடு செய்ய வேண்டும் என்பது இச்சட்டங்களின் உயிர்நாடி. விபத்தின் செலவு தன் கணக்கில் ஏறும் என்றால், பல்சக்கரத்துக்கு மூடி போட உரிமையாளருக்கே அக்கறை பிறக்கும். 1891 மே 15 அன்று திருத்தந்தை 13ஆம் லியோ ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலை வெளியிட்டதும் இந்தப் போராட்டக் காலத்தில்தான். உழைப்பவர் ஒரு கருவியல்லர், மாண்புள்ள மனிதர் என்னும் குரலைத் திருச்சபை அன்று உரக்க எழுப்பியது.

வாக்குறுதியும் வருவாயும்

இன்றைய பெரிய நிறுவனங்கள் நன்னெறிப் பிரகடனங்களை வெளியிடாமல் இல்லை. அமெரிக்க இராணுவத்தின் ‘மேவன்’ திட்டத்துக்குக் கூகுள் நிறுவனம் செயற்கை நுண்ணறிவுத் தொழில்நுட்பம் வழங்குவதை எதிர்த்து, 2018இல் அதன் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டனர். அதன் விளைவாக அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று நிறுவனம் முடிவெடுத்தது. போர்க்கருவிகளுக்காகச் செயற்கை நுண்ணறிவை உருவாக்குவதில்லை என்ற உறுதியையும் அவ்வாண்டு சூனில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் வெளியார் அடங்கிய ஆலோசனைக் குழு ஒன்றை அறிவித்தது. உறுப்பினர் தேர்வு குறித்து எதிர்ப்பு எழவே, இரண்டு வாரம் முடியும் முன்பே அது கலைக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில், போர்க்கருவி பற்றிய அந்த உறுதிமொழியும் அதன் கொள்கை ஏட்டிலிருந்து மறைந்தது. தானே எழுதிய வாக்கைத் தானே அழிக்க எந்தத் தடையும் இருக்கவில்லை.

ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் வரலாறும் இதையே வேறு வகையில் காட்டுகிறது. 2015இல் மனித குலத்தின் நன்மைக்கென, ஆதாய நோக்கற்ற அமைப்பாக அது தொடங்கியது. பெருமளவு முதலீடு தேவைப்பட்டதால் 2019இல் ஆதாயம் ஈட்டும் கிளையை உருவாக்கியது. ஆயினும் ஆட்சி ஆதாய நோக்கற்ற இயக்குநர் குழுவிடமே இருந்தது. 2023 நவம்பர் 17 அன்று அக்குழு தலைமை அதிகாரியைப் பதவியிலிருந்து நீக்கியது. நீக்கத்துக்கான காரணத்தைக் குழு தெளிவாக விளக்கவில்லை. ஊழியருள் மிகப் பெரும்பாலோர் தாங்களும் வெளியேறுவோம் என்று கையெழுத்திட்டனர், முதலீட்டாளர்கள் நெருக்கினர். ஐந்தே நாட்களில் அவர் மீண்டும் பதவியில் அமர்ந்தார். விலகிச் சென்றவர்கள் குழு உறுப்பினர்களே. யார் பக்கம் நியாயம் என்பது வேறு வினா. ஏட்டில் உள்ள அதிகாரம், பணத்தின் எடைக்கு முன் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதே நாம் காண வேண்டியது.

நம்பிக்கை தரும் எடுத்துக்காட்டும் இல்லாமலில்லை. விண்ணப்பதாரர்களைத் தரம் பிரிக்க அமேசான் நிறுவனம் 2014 முதல் உருவாக்கிவந்த கணினி முறை, பெண்களைப் பின்தள்ளுவதை அதன் பொறியாளர்களே கண்டுபிடித்தனர். முந்தைய பத்தாண்டுகளில் வந்த விண்ணப்பங்களைக் கொண்டு அது பயிற்றுவிக்கப்பட்டிருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ஆண்களே உகந்தவர்கள் என்று இயந்திரம் கற்றுக்கொண்டது. திருத்திப் பார்த்தும் நம்பிக்கை பிறக்காததால் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் இதை வெளியிட்டது. ஐயப்பட்டுச் சோதிப்பவர் வீட்டுக்குள்ளேயே இருந்து, அவர் சொல்லுக்கு மதிப்பும் இருந்தால் கேட்டைத் தவிர்க்க முடியும் என்பதற்கு இது சான்று.

சட்டமும் திருச்சபையின் குரலும்

வாக்குறுதிகள் போதா என்று உணர்ந்த ஐரோப்பிய ஒன்றியம் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் ஒன்றை இயற்றியது. 2024 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் படிப்படியாகச் செயற்படுத்தப்பட்டு வருகிறது. மக்களின் வேலை, கல்வி, கடன் முதலியவற்றைத் தொடும் முறைகளை அது மிகுந்த ஆபத்துள்ளவை என வகுத்து, அவற்றுக்கு மனிதக் கண்காணிப்பும் செயற்பதிவுகளும் வேண்டும் என்கிறது. தடை செய்யப்பட்ட பயன்பாட்டில் ஈடுபடும் நிறுவனத்துக்கு அதன் உலகளாவிய ஆண்டு விற்பனையில் 7 விழுக்காடு வரை அபராதம் விதிக்கலாம். ஆலைச் சட்டங்கள் அன்று செய்ததையே இது இன்று செய்ய முயல்கிறது. தவறின் விலையை உரிமையாளரின் கணக்கில் எழுதுகிறது.

திருச்சபையும் வாளாவிருக்கவில்லை. 2020 பிப்ரவரி 28 அன்று, பாப்பிறை வாழ்வுக் கழகத்தின் முயற்சியால் ‘உரோமை அழைப்பு’ என்னும் ஆவணம் கையெழுத்தாயிற்று. மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம். ஆகிய நிறுவனங்களும், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும், இத்தாலிய அரசும் அதில் ஒப்பமிட்டன. வெளிப்படைத்தன்மை, அனைவரையும் உள்ளடக்கல், பொறுப்புடைமை, பாரபட்சமின்மை, நம்பகம், பாதுகாப்பும் தனிமறையும் என்னும் ஆறு நெறிகளை அது வகுத்தது. 2024 சூன் 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் ஏழு தொழில்வள நாடுகளின் மாநாட்டில் நேரில் கலந்துகொண்டு, இயந்திரங்களின் தேர்வுகள் மீது மனிதரின் கட்டுப்பாடு நிலைக்க வேண்டும் என வலியுறுத்தினார். 2025 சனவரி 28 அன்று இரு திருப்பேராயங்கள் இணைந்து வெளியிட்ட ‘ஆன்டிக்வா எத் நோவா’ குறிப்பு, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எடுக்கும் முடிவுகளின் இறுதிப் பொறுப்பு மனிதர்களையே சாரும் என்று தெளிவுபடுத்தியது. அவ்வாண்டு மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட புதிய திருத்தந்தை, லியோ என்னும் பெயரைத் தாம் தேர்ந்துகொண்டதன் காரணத்தைக் கர்தினால்களிடம் விளக்கினார். முதல் தொழிற்புரட்சியின் காலத்தில் 13ஆம் லியோ ஆற்றிய பணியை நினைவுகூர்ந்து, செயற்கை நுண்ணறிவு இன்று மனித மாண்புக்கும் நீதிக்கும் உழைப்புக்கும் விடுக்கும் அறைகூவலைச் சுட்டிக்காட்டினார்.

ஆனால் ‘உரோமை அழைப்பு’ம் ஒரு வாக்குறுதியே என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஒப்பமிட்ட கை அதைக் காக்கிறதா என்று கேட்பவர்கள் இருந்தால்தான் அது உயிர் பெறும்.

நாம் அமர்ந்திருக்கும் நாற்காலி

இந்த வரலாற்றிலிருந்து சில முடிவுகள் தாமே எழுகின்றன. நிறுவனம் பயன்படுத்தும் ஒவ்வொரு கணினி முறைக்கும் பெயர் குறிப்பிட்ட ஒரு மனிதர் பொறுப்பாளராக இருக்க வேண்டும். தேவைப்பட்டால் அதை நிறுத்தும் அதிகாரமும் அவருக்கு இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் முறையிடும்போது, இயந்திரத்தின் முடிவை மீண்டும் ஆராயும் மனிதர் எதிரே இருக்க வேண்டும். முறையீடுகள் தனித்தனியே புதைக்கப்படாமல் ஓரிடத்தில் தொகுக்கப்பட வேண்டும். அவ்வாறு செய்திருந்தால் ஹொரைசனின் பிழை ஓரிரு ஆண்டுகளிலேயே புலப்பட்டிருக்கக் கூடும். விற்றவர், வாங்கியவர் இருவரும் தமக்குத் தெரிந்த குறைகளை மறைக்கலாகாது. நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒருவர் அவ்வப்போது சோதித்துப் பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் பெரிய நிறுவனங்களின் இயக்குநர்களுக்குச் சொல்ல வேண்டியவை, நமக்கென்ன என்று நாம் எண்ணலாம். பொதுநிலையினராகிய நம்முள் வங்கியில் பணிபுரிவோர் உண்டு. மருத்துவமனையிலும் பள்ளியிலும் நிர்வாகம் செய்வோர் உண்டு. மென்பொருள் எழுதும் பிள்ளைகளைப் பெற்றோரும் உண்டு. கண்ணீரோடு முறையிட வரும் ஒருவரிடம், கணினி அப்படித்தான் காட்டுகிறது, நான் என்ன செய்ய முடியும் என்று கூறி அனுப்பிவிடும் வாய்ப்பு நம்மில் எவருக்கும் நேரலாம். பிரித்தானியாவில் உதவி கேட்டு வந்த அழைப்புகளை எடுத்தவர்களும், தங்களுக்குக் கொடுக்கப்பட்ட விடையைத்தான் ஒப்புவித்தார்கள்.

அந்த அழைப்புகளுள் ஏதேனும் ஒன்றை எடுத்தவர், நேற்றும் ஒருவர் இதையேதானே சொன்னார் என்று நினைவுகூர்ந்து, தம் மேலதிகாரியிடம் எழுத்தில் கொடுத்துப் பதில் வரும்வரை விடாமல் கேட்டிருந்தால், சில குடும்பங்களேனும் தப்பியிருக்கக் கூடும். செயற்கை நுண்ணறிவின் காலத்தில் நம்மிடம் கேட்கப்படும் நீதி பெரும்பாலும் அத்தகைய சிறிய வடிவில்தான் வரும். நம் மேசைக்கு எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்ப்பதும், இயந்திரம் தவறியிருக்குமோ என்று ஐயப்படுவதும், அந்த ஐயத்தை நம் பெயரிட்டு மேலே அனுப்புவதும் நம் கையில்தான் இருக்கின்றன.